ஜனாதிபதிக்கு எதிராக வழக்குப் போட முடியாது என்று இனியும் படிப்பிக்கலாமா?

தென்மராட்சி ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். இருபது வருடத்துக்கு மேலாக உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என்னுடைய பழைய குறிப்புக் கொப்பியில், நிறைவேற்று ஜனாதிபதி என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி இருக்கிறது: பதவியில் இருக்கும் வரை ஜனாதிபதிக்கு எதிராக எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது, இலங்கை அரசியலமைப்பின் உறுப்புரை 35. அந்த வரியை ஒவ்வொரு வருடமும் சொல்லி எழுதவைத்திருக்கிறேன். பிள்ளைகளும் எழுதி, சோதனையில் புள்ளி எடுத்திருக்கிறார்கள்.

போன கிழமை அதைச் சொல்லும்போது கடைசி வாங்கில் இருக்கும் ஒரு மாணவி எழுதாமல் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "அப்படியென்றால் 2018இல் மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று எப்படித் தீர்ப்பு வந்தது ரீச்சர்? அப்போது அவர்தானே ஜனாதிபதி?" என்று கேட்டாள். அரசியலமைப்புக்கு 19ஆம் திருத்தம் வந்தது, கொஞ்சம் மாறியது என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் விடவில்லை. அவள் மிருசுவில் பிள்ளை. "அப்போ எங்கள் ஊரில் எட்டுப் பேரைக் கொன்றவருக்குக் கொடுத்த மன்னிப்பையும் நீதிமன்றம் அழிக்கலாமா?" என்றாள்.

வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல் மணி அடிக்கும் வரை நின்றது இன்னும் மனதில் கிடக்கிறது. மேலோட்டமாக எதையாவது சொல்லி அவளை அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விடுபாட்டுரிமை இப்போதும் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் இந்தத் தீர்ப்புகள் எல்லாம் எந்த வழியால் வந்தன? கொப்பியில் அந்த வரியை எப்படித் திருத்தி எழுதுவது?


புதுக்கடைச் சட்டத்தரணி:

ரீச்சர், உங்கள் மாணவி கேட்டது சட்டக் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி. நான் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் அடிப்படை உரிமை மனுக்கள் தயாரிக்கும் வேலை செய்கிறேன். தெரிந்ததைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விடுபாட்டுரிமை இப்போதும் இருக்கிறது. ஆனால் அது ஆளுக்குத்தான், அவர் செய்த செயலுக்கு அல்ல. பதவியில் இருப்பவரைப் பிரதிவாதியாகப் பெயர் போட்டு இழுக்க முடியாது. ஆனால் அவர் பதவி முறையில் செய்த செயல், அல்லது செய்யாமல் விட்ட செயல், மக்களின் அடிப்படை உரிமையை மீறினால் உறுப்புரை 126இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர் பிரதிவாதியாக நிற்பார். 2015இல் 19ஆம் திருத்தம் இதை உறுப்புரை 35க்குள்ளேயே எழுதி வைத்தது. போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்யும் அதிகாரத்தில் மட்டும் நீதிமன்றம் தலையிட முடியாது.

அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அப்போதுதான் மாற்றத்தின் பெறுமதி விளங்கும். ஜே.வி.பி. கட்சியைத் தடை செய்ததை எதிர்த்து ஒரு மனு போனது. ஜனாதிபதியின் பெயரைப் போட முடியாததால் சட்டமா அதிபரைத்தான் பிரதிவாதியாக்கினார்கள். 1985இல் தீர்ப்பு வந்தது, மல்லிகாராச்சி வழக்கு என்று சொல்வோம். ஜனாதிபதியின் செயலுக்குச் சட்டமா அதிபர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அன்று தட்டிப் பார்த்துத் திறக்காத அதே கதவைத்தான் முப்பது வருடத்துக்குப் பிறகு 19ஆம் திருத்தம் திறந்தது.

2018 வழக்கு அந்தக் கதவால் போனது. அதன் பெயரே சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர். நவம்பர் 9ஆம் திகதி இரவு பாராளுமன்றத்தைக் கலைத்து வர்த்தமானி வந்தது. 13ஆம் திகதி இடைக்காலத் தடையுத்தரவு. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமித்துக் கலைப்புச் செல்லாது என்றார்கள். முதல் நாலரை வருடத்துக்குள் கலைப்பதென்றால் பாராளுமன்றமே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும் என்பது உறுப்புரை 70. அப்படி எந்தத் தீர்மானமும் இருக்கவில்லை. அந்தக் காலத்து மன்னர்களுக்கு இருந்ததைப் போன்ற எல்லையற்ற அதிகாரம் ஏதோ ஜனாதிபதியிடம் மிச்சம் இருக்கிறது என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பகுதியை நான் இப்போதும் இடைக்கிடை எடுத்து வாசிப்பேன்.

பாராளுமன்றத்தைக் கலைத்தால் யாருடைய அடிப்படை உரிமை மீறப்படுகிறது என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். உறுப்புரை 12(1) சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. ஜனாதிபதி சட்டத்தை மீறி ஒன்றைச் செய்தால், சட்டத்தின் சமமான பாதுகாப்பு அந்த இடத்திலேயே மறுக்கப்படுகிறது. இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் பிடிமானமாக இருப்பது அதுதான்.

2020இல் 20ஆம் திருத்தம் வந்தபோது பழைய முழு விடுபாட்டுரிமையைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள். அதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதனால் அந்த ஏற்பாட்டை மாற்றித்தான் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். கதவு மூடப்படவில்லை.

அப்புறம், பதவி போனால் ஆளுக்கான பாதுகாப்பும் போய்விடும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரி 12ஆம் திகதி சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தவணை தவணையாகக் கட்டினார்.

மன்னிப்புப் பற்றித் தனியாக எழுத வேண்டும். வேறு யாரும் இடையில் ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லுங்கள், இரவு வந்து எழுதுகிறேன்.


மட்டுநகரான்:

சட்டத்தரணி சொன்னது எல்லாம் சரி. ஆனால் பிள்ளைகளுக்கு மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும் ரீச்சர். 2022 ஜூலை 17ஆம் திகதி பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க அவசரகாலநிலையைப் பிரகடனம் செய்தார். அது அடிப்படை உரிமையை மீறியது என்று தீர்ப்பு வந்தது 2025 ஜூலை 23ஆம் திகதி. அதுவும் இரண்டுக்கு ஒன்று. மூன்று வருடம்! அதற்குள் அவர் முழு ஜனாதிபதியாகி, இருந்து, தேர்தலில் தோற்றும் போய்விட்டார். பொருளாதார நெருக்கடிக்கு கோட்டாபய, மகிந்த, பசில் முதலானவர்கள் பொறுப்பு என்று 2023 நவம்பர் 14ஆம் திகதி நாலுக்கு ஒன்று என்று தீர்ப்பு வந்தது. மனுதாரர்கள் நட்டஈடு கேட்கவில்லை, அதனால் வழக்குச் செலவாக மனுதாரர் ஒருவருக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் மட்டும்.

அந்த வருடம் நான் காஸ் சிலிண்டருக்கு இரண்டு இரவு வரிசையில் படுத்தவன். தீர்ப்பு வந்த அன்று பேப்பரை வாங்கி முழுக்க வாசித்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் வரவில்லை. பிந்தி வரும் தீர்ப்பு வருங்காலத்துக்கு உதவும். அன்றைக்குப் பாதிக்கப்பட்டவனுக்கு என்ன கிடைத்தது?


பழைய நிருபர்:

மட்டுநகரான் அண்ணாவின் வேதனை விளங்குகிறது. ஆனால் எல்லா வழக்கும் இழுபடவில்லை. 2018இல் நான் ஒரு பத்திரிகைக்காக நீதிமன்றச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். டிசம்பர் 13ஆம் திகதி பின்னேரம் தீர்ப்பு வந்தபோது வளவில் நின்றேன். பாதுகாப்புக்கு நின்ற பொலிஸ்காரர் ஒருவர் என்னிடம் மெதுவாக "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார். ஏழும் ஒரே பக்கம் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அதற்கு மூன்று நாள் கழித்து, 16ஆம் திகதி, சிறிசேன பதவியிலிருந்து நீக்கியிருந்த பிரதமர் ரணில் விக்கிரமசிங்க திரும்பச் சத்தியப்பிரமாணம் செய்தார். கலைப்பு நடந்து ஐந்தே கிழமை.

அந்த ஐந்து கிழமையும் நாடு நின்றது நவம்பர் 13ஆம் திகதி வந்த இடைக்காலத் தடையுத்தரவின் மேல்தான். அதே மாதிரி 2024 ஜூலை 24ஆம் திகதி, ஜனாதிபதி நியமித்த பொலிஸ்மா அதிபர் தேசபந்து தென்னகோன் கடமையாற்றக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. அப்போது நியமித்தவர் பதவியில்தான் இருந்தார். பிள்ளைகளுக்கு முடிவான தீர்ப்பின் திகதியை மட்டும் கொடுக்காமல் இடைக்கால உத்தரவின் திகதியையும் கொடுங்கள். பல வழக்குகளில் அதுதான் உண்மையான திருப்பம்.


புதுக்கடைச் சட்டத்தரணி:

வந்துவிட்டேன். மன்னிப்பு விஷயம்.

முதலில், மிருசுவில் சம்பவம் தெரியாதவர்களுக்காக. 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த மக்கள் தங்கள் வீடு வளவைப் பார்த்துவர மிருசுவிலுக்குப் போனார்கள். அவர்களில் எட்டுப் பேரைக் கொன்று புதைத்தார்கள். அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்று. 2015இல் கொழும்பில் நடந்த விசாரணையின் முடிவில் ஓர் இராணுவச் சார்ஜன்டுக்கு மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்குக்குள், கோட்டாபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்புக் கொடுத்து விடுவித்தார். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் போடப்பட்டன.

ஜனாதிபதியின் மன்னிப்பை நீதிமன்றம் அழிக்கலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. அழிக்கலாம், அழித்தும் இருக்கிறது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு கோட்டாபய 2021 ஜூன் 24ஆம் திகதி கொடுத்த மன்னிப்பை 2022 மே 31ஆம் திகதி இடைக்காலமாக நிறுத்தினார்கள், அவர் திரும்பக் கைதானார். 2024 ஜனவரி 17ஆம் திகதி மன்னிப்பே செல்லாது என்றார்கள். றோயல் பார்க் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்குச் சிறிசேன 2019இல் கொடுத்த மன்னிப்பும் 2024 ஜூன் 6ஆம் திகதி அதே மாதிரிப் போனது.

எப்படி என்றால், உறுப்புரை 34 மன்னிப்பு அதிகாரத்தைக் கொடுக்கும்போதே ஒரு பாதையையும் கொடுக்கிறது. மரண தண்டனைக் கைதி என்றால் விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை கேட்க வேண்டும், அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போக வேண்டும், பிறகு நீதி அமைச்சரின் பரிந்துரையோடு ஜனாதிபதியிடம் வர வேண்டும். அது மட்டும் போதாது, முடிவுக்கு நியாயமான காரணமும் இருக்க வேண்டும். துமிந்த சில்வா வழக்கில் எழுத்தில் ஒரு முடிவோ காரணமோ இருந்ததாகத் தெரியவில்லை என்பதை நீதிமன்றம் கடுமையாகவே சொன்னது. மன்னிப்பு அதிகாரமும் மக்கள் நம்பிக் கையில் கொடுத்தது, ஆள் தன் விருப்பத்துக்குப் பாவிக்கும் சொத்து இல்லை.

ஆகவே அந்தப் பிள்ளையிடம் "கேட்கலாம், கேட்கும் வழி இருக்கிறது, அதே வகையான இரண்டு மன்னிப்புகள் அந்த வழியால் விழுந்திருக்கின்றன" என்று சொல்லுங்கள். மிருசுவில் மனுவும் அப்படித்தான் முடியும் என்று மட்டும் உறுதி கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மன்னிப்பும் அதன் கோப்பில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மட்டுநகரான் அண்ணா, தாமதம் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. மனுவை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உறுப்புரை 126 சொல்கிறது. நடைமுறையில் அது நடப்பதில்லை, அதைப் பார்த்து எனக்கும் கோபம் வரும்.


தென்மராட்சி ரீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கொப்பியில் இப்படி மாற்றியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்: "பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கு எதிராகக் குடியியல், குற்றவியல் வழக்குத் தொடர முடியாது. ஆனால் அவர் பதவி முறையில் செய்தது அல்லது செய்யாமல் விட்டது அடிப்படை உரிமையை மீறினால், சட்டமா அதிபருக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்." கீழே 1985, 2015, 2018, 2024 என்று நாலு வருடங்களையும் எழுதினேன். இடைக்கால உத்தரவின் திகதிகளையும் சேர்த்தேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நாளைக்கு அந்தப் பிள்ளை "எவ்வளவு காலத்துக்குள் போட வேண்டும்?" என்று கேட்பாள். அவளை எனக்குத் தெரியும்.


புதுக்கடைச் சட்டத்தரணி:

வரி சரியாக இருக்கிறது ரீச்சர். போர், சமாதானப் பிரகடனம் விலக்கு என்பதையும் அடைப்புக்குள் போட்டுவிடுங்கள்.

காலம் ஒரு மாதம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு உயர் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்திருந்தால், ஆணைக்குழு விசாரிக்கும் காலத்தை அந்த மாதத்தில் கணக்கெடுப்பதில்லை. கொழும்புக்கு உடனே வர வசதியில்லாதவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான். முறைப்பாட்டின் பிரதியையும், அது கிடைத்ததற்கான துண்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.