கப்பலுக்குள்ளே ஆகும் செலவை முன்கூட்டியே கட்டிவிட்டுப் போக முடியுமா?

வடசேரிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். மே மாத விடுமுறையில் சிங்கப்பூரில் இருந்து நாலு ராத்திரிக் கப்பல் பயணம் புக் பண்ணியிருக்கிறோம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி சிங்கப்பூர், அங்கிருந்து கப்பலில் பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். நான், வீட்டுக்காரர், 14 வயது மகன், 9 வயது மகள், என் அம்மா, அப்பா என்று 6 பேர், 2 அறை. கம்பெனி ராயல் கரீபியன். புக் பண்ணிக் கொடுத்த ஏஜெண்ட் "எல்லாம் சேர்த்துதான் அக்கா, கையில் பைசாவே எடுக்க வேண்டாம்" என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் போன வருஷம் வேறொரு கப்பலில் போய்வந்த என் நாத்தனார் கதையே வேறு. கடைசி ராத்திரி கையில் கிடைத்த பில்லைப் பார்த்து அவளுக்குத் தூக்கமே வரவில்லையாம். பிள்ளைகள் குடித்த கோக், விளையாடிய வீடியோ கேம், யாரோ எடுத்துக் கொடுத்த போட்டோ, எல்லாம் டாலரில்.

அப்பா விவேகானந்தர் பாறைக்குப் படகு டிக்கெட் எடுத்தாலும் சட்டைப்பையில் இருக்கிற குட்டி நோட்டில் எழுதி வைக்கிற ஆள். "உள்ளே எவ்வளவு ஆகும் என்று இப்போதே சொல்லு, இல்லையென்றால் நான் வரவில்லை" என்கிறார். எதை எல்லாம் இங்கிருந்தே கட்டிவிட்டுப் போகலாம்? உள்ளே செலவுக்கு என்ன கார்டு நல்லது? பையன் கையில் கார்டு கொடுத்தால் அவன் இஷ்டத்துக்குத் தேய்ப்பான், அதற்கு ஏதாவது கடிவாளம் உண்டா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறு கணக்கன்:
ஏஜெண்ட் சொன்னதை விடுங்கள். கப்பல் கம்பெனி கொடுத்த இன்வாய்ஸை அவரிடம் கேட்டு வாங்குங்கள், அவர் அடித்துக் கொடுத்த ரசீது வேண்டாம். அதில் டிப்ஸ் என்று, அதாவது கிராஜுவிட்டி என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கட்டியாயிற்று. இல்லையென்றால் அது தினமும் தலைக்கு இவ்வளவு என்று உங்கள் அறைக் கணக்கில் தானாக ஏறும், கைக்குழந்தைக்கும் உண்டு. நான் கடைசியாகப் பார்த்தபோது சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர். 6 பேர், 4 நாள், ஆக 444 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 40 ஆயிரம். உங்கள் நாத்தனார் தூக்கத்தில் பாதி இதிலேயே போயிருக்கும் என்று நினைக்கிறேன். இதை இங்கிருந்தே கட்டிவிடலாம், கட்டிவிடுவதுதான் நல்லது, ஏனென்றால் எப்படியும் கொடுக்கப்போகிற பைசா.

அடுத்து, ஏஜெண்ட் மூலம் புக் பண்ணியிருந்தாலும் அந்த புக்கிங் நம்பரை வைத்து கம்பெனியின் ஆப்பில் நீங்களே உள்ளே போகலாம். வைஃபை, குளிர்பானப் பேக்கேஜ், கட்டணச் சாப்பாட்டுக்கூடம், கரையில் சுற்றிப் பார்க்கும் டூர் எல்லாவற்றையும் அதிலேயே முன்னாடி வாங்கலாம். கப்பலில் ஏறியபிறகு வாங்கும் விலையை விட இது பெரும்பாலும் குறைவு. அந்த விலை ஒரே இடத்தில் நிற்காது, நம்ம வடசேரிச் சந்தையில் தக்காளி விலை மாதிரி ஏறும், இறங்கும். அதனால் இன்றைக்கு ஒரு விலைக்கு வாங்கிவிட்டு வாரம் ஒருமுறை எட்டிப்பாருங்கள், குறைந்திருந்தால் பழையதை ரத்து பண்ணிவிட்டுப் புதிதாக வாங்குங்கள். கிளம்புவதற்கு முன்னால் வரைக்கும்தான் இந்த வித்தை.

மதுப் பேக்கேஜ் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்காரர் குடிப்பாரா என்று நான் கேட்கவில்லை, ஆனால் ஒரு அறையில் ஒரு பெரியவர் அதை வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்ற பெரியவரும் வாங்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனி விதி. உங்கள் அப்பாவையும் வீட்டுக்காரரையும் ஒரே அறையில் போட்டீர்கள் என்றால் கதை கந்தல். உங்கள் குடும்பத்துக்கு எந்தப் பேக்கேஜும் தேவைப்படாது என்பது என் கணிப்பு. பஃபேயில் தண்ணீர், சாயா, காப்பி, லெமனேட் எல்லாம் சும்மா கிடைக்கும். பையன் கோக் பைத்தியம் என்றால் அவனுக்கு மட்டும் குளிர்பானப் பேக்கேஜ் விலை பாருங்கள்.

கார்டு விஷயம். கிரெடிட் கார்டுதான் வசதி. ஆனால் கிளம்புவதற்கு முன்பே பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் பண்ணி வைக்க வேண்டும், அது ஆஃபில்தான் இருக்கும். நிறைய கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப், அதாவது பேங்க் மேலே வைக்கிற கட்டணம், அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 100 ரூபாய்க்கு 4 ரூபாய் 13 பைசா தனியாகப் போகும். மார்க்கப் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன, வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதை எடுங்கள். எங்கேயாவது மெஷினில் "ரூபாயிலா, டாலரிலா" என்று கேட்டால் டாலரைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த ரேட்.

மணக்குடி மாலுமி:
அக்கா, நான் 6 வருஷம் கப்பலில் அறைகளைச் சுத்தம் பண்ணுகிற வேலையில் இருந்தவன். 8 மாசம், 9 மாசம் காண்ட்ராக்ட். அதனால் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கப்பலுக்குள் கையில் காசு புழங்காது. ஏறும்போது ஒரு பிளாஸ்டிக் கார்டு கொடுப்பார்கள், அதுதான் அறைச் சாவி, அதுதான் பர்ஸ். இதில்தான் சூட்சுமமே. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வலிக்கிற வலி கார்டைத் தட்டும்போது வலிக்காது. பையனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி கார்டு வரும், அது உங்கள் கணக்கில்தான் போய் விழும். ஏறின அன்றைக்கே, பெட்டி அறைக்கு வருகிற நேரத்தில், கெஸ்ட் சர்வீஸ் கவுண்டருக்குப் போய் "பிள்ளைகள் கார்டில் செலவு வேண்டாம்" என்றோ "இவ்வளவு வரைக்கும்தான்" என்றோ சொன்னால் வைத்துத் தருவார்கள். முதல் நாளே போங்கள். கடைசி ராத்திரி அந்தக் கவுண்டரில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் ஓணத்துக்கு முந்தின நாள் தோவாளைப் பூச்சந்தை தோற்றுவிடும். எல்லார் கையிலும் பில், எல்லார் வாயிலும் "இது நான் வாங்கவே இல்லையே".

அப்புறம் இதைக் கவனிங்க. ஒரு ஜூஸோ கோக்கோ வாங்கினால் விலையோடு 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் தானாகவே சேர்ந்து சீட்டு வரும். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே இன்னொரு கோடு காலியாக இருக்கும், கூடுதல் டிப்ஸ் எழுதுவதற்கு. நம்ம ஆட்கள் அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று நினைத்து ஒரு தொகை எழுதிவிடுவார்கள். எழுத வேண்டாம், ஒரு கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போட்டோக்காரர்கள் படிக்கட்டிலும் சாப்பாட்டு மேசையிலும் வந்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள், சிரித்துக்கொண்டு நில்லுங்கள், எடுப்பதற்குப் பைசா இல்லை, வாங்கினால்தான் பைசா. அறையில் சின்ன ஃபிரிட்ஜில் சாக்லேட்டும் பாட்டிலும் அடுக்கி வைத்திருந்தால் அறைப் பையனிடம் "எடுத்துவிடு தம்பி" என்று சொல்லுங்கள், சந்தோஷமாக எடுத்துவிடுவான். நான் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன்.

டிப்ஸ் பற்றி கோட்டாறு அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். சில பேர் கடைசி நாள் கவுண்டரில் போய் அதை எடுத்துவிடச் சொல்வார்கள், பல கப்பல்களில் எடுத்தும் விடுவார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மெத்தை விரிக்கிறவன், தட்டு எடுக்கிறவன், கண்ணில் படாமல் துணி துவைக்கிறவன் எல்லாருக்கும் பங்கு பிரிகிற பைசா அது. நான் ஊரில் வீட்டுக்கு காங்கிரீட் போட்டது சம்பளத்தில் இல்லை அக்கா.

தக்கலை தம்பி:
டெபிட் கார்டை மட்டும் கொடுத்துவிடாதீங்க!! நான் பட்டது போதும். மனைவியின் சேமிப்புக் கணக்கு டெபிட் கார்டைக் கொடுத்தோம். கப்பலில் செலவு ஏற ஏற அவர்கள் பேங்கில் அந்தத் தொகையைத் தடுத்து வைப்பார்கள், அதற்குப் பிறகு கடைசியில் மொத்த பில்லையும் தனியாக எடுப்பார்கள். தடுத்து வைத்தது உடனே விடுபடாது. எங்களுக்கு 11 நாள் ஆனது. அதற்குள் 5-ஆம் தேதி வந்துவிட்டது, வீட்டுக்கடன் தவணை திரும்பிவிட்டது, பேங்கில் அபராதம். பைசா கணக்கில் இருக்கிறது, ஆனால் தொட முடியாது. நாகர்கோவில் கிளையில் போய்க் கேட்டால் "அங்கேயிருந்து விட்டால்தான் சார்" என்கிறார்கள். கப்பலில் கேட்டால் "நாங்கள் விட்டுவிட்டோம், உங்கள் பேங்க்தான்" என்று மெயில். நடுவில் நான்.

வடசேரிக்காரி:
கோட்டாறு அண்ணா, இன்வாய்ஸ் வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே டிப்ஸ் அதில் இல்லை. ஏஜெண்டைக் கேட்டால் "அது எல்லாரும் அங்கே போய்த்தானே அக்கா கட்டுவார்கள்" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொல்கிறார், எல்லாம் சேர்த்து என்று சொன்னது வேறு வாயா என்று தெரியவில்லை. சரி, இன்னொரு கேள்வி. வீட்டுக்காரரிடம் கிரெடிட் கார்டு இருக்கிறது, லிமிட் ரொம்பக் குறைவு. ஃபாரெக்ஸ் கார்டு, அதுதான் இங்கேயே டாலரை ஏற்றி வைக்கிற கார்டு, வாங்கிக்கொண்டு போகலாமா? தக்கலைத் தம்பி சொன்னதைப் படித்ததில் இருந்து எனக்கு எந்தக் கார்டைப் பார்த்தாலும் பயம்.

கோட்டாறு கணக்கன்:
ஃபாரெக்ஸ் கார்டு சிங்கப்பூரில் கடையில் தேய்க்க நல்லது. ரேட் இங்கேயே முடிவாகிவிடும், பிறகு டாலர் ஏறினாலும் நமக்குக் கவலை இல்லை. ஆனால் கப்பல் கணக்கோடு இணைக்க வேண்டாம். தம்பிக்கு நடந்த அதே தடுத்து வைக்கிற கதைதான் இதிலும் வரும், நீங்கள் போட்டிருப்பது 300 டாலர் என்றால் அந்த 300-உம் முடங்கிப்போய் புக்கெட்டில் இளநீர் வாங்கக்கூட கார்டு ஓடாது.

உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கிற வழி ஒன்று இருக்கிறது. கையில் டாலர் நோட்டாகக் கொண்டு போங்கள். ஏறின அன்று கெஸ்ட் சர்வீஸில் "கார்டு வேண்டாம், ரொக்கம் கட்டுகிறேன்" என்று சொல்லி ஒரு தொகையை அறைக் கணக்கில் போடுங்கள். அது தீரும் வரைக்கும் செலவு, தீர்ந்தால் கப்பல் கொடுத்த கார்டு ஓடாது, வேண்டுமென்றால் திரும்பப் போய்ப் போட வேண்டும். மீதி இருந்தால் இறங்கும்போது திருப்பித் தருவார்கள். டிப்ஸை இங்கேயே கட்டிவிட்டால், வைஃபையும் வேண்டாம் என்றால், உங்கள் 6 பேருக்கு 200 டாலர் தாராளம். பழைய காலத்தில் மளிகைக் கடையில் அட்வான்ஸ் கொடுத்துப் பற்று எழுதுகிற மாதிரிதான்.

டாலரை உரிமம் உள்ள நாணய மாற்றுக் கடையிலோ பேங்கிலோ மட்டும் வாங்குங்கள். பாஸ்போர்ட், பான், டிக்கெட் கேட்பார்கள். ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 டாலர் வரைக்கும் நோட்டாகக் கொண்டு போகலாம், உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், ரேட் வயிற்றெரிச்சல். சில்லறையாக 5, 10 நோட்டும் கேட்டு வாங்குங்கள், மணக்குடித் தம்பி மாதிரி ஒரு அறைப் பையன் நன்றாகப் பார்த்துக்கொண்டால் கையில் கொடுக்கலாம்.

மார்த்தாண்டம் தேன்:
வைஃபை வேண்டுமா என்று யாரும் சொல்லவில்லையே. நாலு நாளில் பினாங்கும் புக்கெட்டும் கரை, அங்கே வெளிநாட்டு ரோமிங் பேக் வேலை செய்யும். நடுக்கடலில்தான் சிக்கல். கப்பலுக்கு என்று தனி மொபைல் டவர் உண்டு, உங்கள் போன் அதைப் பிடித்துக்கொண்டால் சாதாரண ரோமிங் பேக்கில் அது வராது, பில் எகிறும். கப்பல் கிளம்பும்போதே எல்லாப் போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், அம்மா போனையும் மறக்காமல். கப்பல் ஆப் மட்டும் பைசா இல்லாமலேயே கப்பல் வைஃபையில் ஓடும், அதில் தினமும் உங்கள் கணக்கு எவ்வளவு ஏறியது என்று பார்க்கலாம். ராத்திரி படுக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள், தப்பாக ஏதாவது ஏறியிருந்தால் அன்றைக்கே கேட்டால்தான் ஞாபகத்தோடு பேச முடியும்.

பினாங்கில் கப்பல் டூர் வாங்கவே வேண்டாம். கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுனிலேயே, ஸ்வெட்டன்ஹாம் துறையில். இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா. தமிழில் பேசி, தோசை சாப்பிட்டு, அம்மாவுக்கு ஒரு சேலையும் பார்த்துவிட்டு நடந்தே திரும்பலாம். கொஞ்சம் மலேசிய ரிங்கிட் மட்டும் கையில் இருக்கட்டும். புக்கெட் அப்படி இல்லை, இடத்துக்கு இடம் தூரம். அங்கே வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதால் கப்பல் டூரே வாங்குங்கள் என்பேன், விலை கூடுதல்தான், ஆனால் வண்டி தாமதமானாலும் கப்பல் டூர் ஆட்களுக்காகக் கப்பல் காத்திருக்கும். நீங்களாக டாக்சி பிடித்துப் போய் நெரிசலில் மாட்டினால் காத்திருக்காது.

வடசேரிக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து டிப்ஸ் கட்டியாயிற்று, புக்கெட் டூர் எல்லாருக்கும் வாங்கியாயிற்று, வைஃபை வாங்கவில்லை, பையன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். 200 டாலர் ரொக்கம், அப்பா கையில். அவர் நோட்டில் புதுப் பக்கம் எடுத்து மேலே "கப்பல்" என்று எழுதி, முதல் வரியில் 444 என்று போட்டு, பக்கத்தில் "இது நியாயம்" என்றும் எழுதி வைத்திருக்கிறார். மணக்குடித் தம்பி எழுதினதை வாசித்துக் காட்டினேன், அதனால்தான். ஒரே ஒரு சந்தேகம், அம்மா முறுக்கு சுட்டு எடுத்து வருகிறேன் என்கிறாள், விடுவார்களா?

மணக்குடி மாலுமி:
அப்பாவிடம் என் வணக்கம் சொல்லுங்க அக்கா. வீட்டில் சுட்டதை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், மனசு கஷ்டப்படும். கடையில் சீல் போட்ட பாக்கெட் என்றால் பிரச்சினை இல்லை. ஏத்தங்காய் சிப்ஸ் நாலு பாக்கெட் போட்டுக்கொண்டு போங்க, மூணாம் நாள் அந்தச் சாப்பாடு அலுக்கும்போது தேடுவீங்க.