புதுப்பிப்பு: ஜோட்டெரோவில் குழம்பும் தமிழ்ப் பெயர்கள்

மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் அமைத்துத் தரும் மென்பொருளான ஜோட்டெரோ, ஆய்வேட்டில் தமிழ்ப் பெயர்களைப் புரட்டிப் போடுவதாக முன்பு எழுதியிருந்தேன். கோளாறு பெயர்க் கட்டத்தில்தான். ‘க. முருகன்’ என்றால் குடும்பப் பெயர்க் கட்டத்தில் முருகன், முதற்பெயர்க் கட்டத்தில் தலைப்பெழுத்து. மாற்றிப் போட்டால் வரிக்குள் வரும் மேற்கோளில் வெறும் ‘க.’ மட்டும் நிற்கும். நூற்பட்டியலின் அகர வரிசையும் குலையும்.

புதுச்சேரியில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இன்னொன்று. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வெளியீடுகளை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். ஆங்கிலக் கட்டுரையில் ‘ஃபிரெஞ்ச் இன்ஸ்டிடியூட் ஆஃப் பாண்டிச்சேரி’ என்ற அந்தப் பெயரை இரண்டு கட்டமாகப் பிரித்தால், ஏபிஏ என்னும் மேற்கோள் நடை அதை ‘பாண்டிச்சேரி, எஃப். ஐ. ஆஃப்’ என்று ஆள் பெயராக்கிவிடும். பெயருக்குப் பக்கத்துப் பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்குங்கள்.

தயவுசெய்து நூற்பட்டியலை வேர்டில் கையால் திருத்தாதீர்கள், வேர்டில் உள்ள ஜோட்டெரோவின் ரிஃப்ரெஷ் பொத்தானை அடுத்த முறை அழுத்தும்போது திருத்தம் போய்விடும். ஜோட்டெரோவில் திருத்திவிட்டு ரிஃப்ரெஷ் கொடுங்கள்.