சைக்கிள் கவுண்ட்: வித்தியாசம் வந்தால் முதலில் எங்கே தேடுகிறீர்கள்?

கோவை, பம்ப் தொழிற்சாலை ஸ்டோர்ஸ்

சைக்கிள் கவுண்ட் என்றால் சரக்கை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணி சிஸ்டம் கணக்கோடு ஒப்பிடுவது. எங்கள் பக்கம் பல யூனிட்களில் இன்னும் மார்ச் 31க்கு லைனை நிறுத்திவிட்டு மொத்த ஆட்களும் எண்ண உட்காருகிறார்கள். ஜூலையில் மாறிப்போன இண்டென்டை, அதாவது ஸ்டோர்ஸில் பொருள் கேட்கும் சீட்டை, மார்ச்சில் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? சரிக்கட்டி எழுதுவதோடு முடிந்துவிடும். தினமும் கொஞ்சம் எண்ணினால் வித்தியாசம் சூடு ஆறுவதற்குள் கையில் கிடைக்கும். எனக்கு இதில் பெரிய லாபமே அதுதான்.

ஒரு நாள் 6204 இசட்இசட் பேரிங் 40 குறைந்தது. உடனே சிஸ்டத்தில் திருத்த விடவில்லை. பட்டியலில் இல்லாவிட்டாலும் பக்கத்து ரேக்கில் இருந்த அதே 6204இன் 2ஆர்எஸ் வகையை எண்ணச் சொன்னேன். அதில் 40 கூடுதல். இரண்டுக்கும் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. இசட்இசட்டுக்கு மூடி இரும்புத் தகடு, 2ஆர்எஸ்ஸுக்கு ரப்பர். பெட்டியைப் பிரித்து டிரேயில் கொட்டி வைத்தால் அவசரத்தில் கை எதையும் எடுக்கும். 2ஆர்எஸ் என்று இண்டென்ட், லைனுக்குப் போனது இசட்இசட். மோட்டாருக்கு இரண்டு வீதம் 20 மோட்டார். முந்தின நாள்தான் லைனுக்குக் கொடுத்தது என்பதால் எல்லாம் அசெம்ப்ளியிலேயே நின்றன, பிரித்து மாற்றினோம். கணக்கை மட்டும் திருத்தியிருந்தால் அத்தனையும் வாடிக்கையாளரிடம் போயிருக்கும். இப்போது இரண்டு வகையும் வேறு வேறு ரேக்கில், பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன.

செம்புக் கம்பியில் கோளாறு எடையில் இருந்தது. வைண்டிங்கிலிருந்து மீதிக் கம்பி திரும்பும்போது ஸ்பூலோடு (கம்பி சுற்றும் உருளை) எடை போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே காலி எடையைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். சப்ளையருக்கு சப்ளையர் ஸ்பூல் எடை மாறும். செம்பு விற்கிற விலைக்கு இது சின்ன விஷயம் இல்லை. சரக்கு வந்ததுமே லேபிளில் உள்ள காலி எடையை மார்க்கரால் ஸ்பூலின் பக்கத்தில் பெரிதாக எழுதிவிடுகிறோம். லேபிள் கிழிந்தாலும் எழுத்து நிற்கும்.

அப்புறம் ஒன்று: எண்ணுபவர் கையில் இருக்கும் ஷீட்டில் சிஸ்டம் இருப்பை அச்சடிக்காதீர்கள். 248 என்று போட்டுக் கொடுத்தால் 248 என்றுதான் திரும்பி வரும்.

ஓசூர், வாகன உதிரிபாகம், உற்பத்தித் திட்டமிடல்

எங்களிடம் ஐட்டம் குறைவு, ஓட்டம் அதிகம். உற்பத்தியைப் பதிவு செய்யும்போதுதான் சிஸ்டம் பாகப் பட்டியல்படி மூலப்பொருளைக் கழிக்கும். ஷிஃப்ட் நடுவில் எண்ணினால் சிஸ்டத்தில் ஒன்று, ரேக்கில் ஒன்று. அதனால் ஷிஃப்ட் மாறும்போது, பதிவெல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணுகிறோம். ஒரே பாகம் எப்போது எண்ணினாலும் குறைவாகவே வந்தால் திருட்டு என்று யாரையும் சந்தேகப்படுவதற்கு முன் ஸ்கிராப் தொட்டியைப் பாருங்கள். உடைந்ததை எழுதியிருக்க மாட்டார்கள்.

போல்ட், நட்டு மாதிரி மதிப்பு குறைந்த சி வகைக்கு ஒரு வழி இருக்கிறது. அதை வைக்கும் பெட்டி காலியாகி மறு ஆர்டர் போடும் நேரத்தில் எண்ணினால் சீக்கிரம் முடியும், தப்பும் குறையும்.

நிர்வாகத்துக்கு ரூபாய்க் கணக்கை மட்டும் காட்டாதீர்கள். மேலே சொன்ன பேரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: 40 குறைவும் 40 கூடுதலும் சேர்ந்தால் ரூபாயில் ஏறக்குறைய பூஜ்யம். அறிக்கையில் எல்லாம் நலமாகத் தெரியும். எண்ணிய ஐட்டங்களில் எத்தனை சரியாக இருந்தன என்று பாருங்கள், அதுதான் உண்மை நிலவரம்.

சென்னை, கணக்குப் பிரிவு

ஸ்டோர்ஸ் வேலைதானே என்று கணக்குப் பிரிவு ஒதுங்க முடியாது. காரோ 2020 (ஆடிட்டர் அறிக்கையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்ற அரசு உத்தரவு) பொருந்தும் கம்பெனிகளில், ஒரு வகைச் சரக்கில் மொத்தமாக 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்ததா, அதைக் கணக்கில் சரிசெய்தார்களா என்று ஆடிட்டர் அறிக்கையில் சொல்ல வேண்டும். நடப்பு மூலதனக் கடன் வரம்பு 5 கோடியைத் தாண்டினால், வங்கிக்குக் கொடுக்கும் காலாண்டு ஸ்டாக் அறிக்கை கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பார்கள். தொலைந்த சரக்கைத் தள்ளுபடி செய்தால் ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்) படி அதற்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு) திருப்ப வேண்டும். ஆக, வெறும் எழுத்துப் பிழையைக் 'குறைவு' என்று தள்ளுபடி செய்தால் இல்லாத நஷ்டத்துக்கு வரியும் கட்டுகிறோம்.

கோவை நண்பருக்கு ஒரு கேள்வி. மெஷினிங்குக்கு வெளியே போன காஸ்டிங்கை (வார்ப்பு) எப்படி எண்ணுகிறீர்கள்? ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளி யூனிட்டில் வேலை செய்து வாங்க, போன மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், நீட்டிப்பு வாங்காத பட்சத்தில், அனுப்பிய அன்றே சப்ளை செய்ததாகக் கருதுவார்கள். எங்களுக்கு அங்கேதான் இழுபறி.

கோவை, பம்ப் தொழிற்சாலை ஸ்டோர்ஸ்

போனில் கேட்டு எழுதினால் வேலைக்கு ஆகாது சார். லோடு எடுக்க வண்டி போகும்போது ஸ்டோர்ஸ் ஆள் ஒருவரையும் அனுப்பி, சலான் (சரக்கோடு போகும் சீட்டு) வாரியாக எண்ணச் சொல்லுங்கள். முக்கியமாக ரிஜெக்ட் காஸ்டிங். ஊதுதுளை (வார்ப்பில் காற்றுக் குழி) விழுந்தது என்று ஷெட் மூலையில் போட்டிருப்பார்கள். அதுவும் நம் சரக்குதான். அதைச் சலானோடு திரும்ப வாங்கிப் பதிவு செய்த பிறகுதான் எங்கள் ஜாப் ஒர்க் கணக்கு நேராக வந்தது.