மறு: நிரல்வழி விரிதாளில் ‘டிஃபால்ட் ஃபார்மேட்’ – தமிழில் என்ன?

நண்பர்களே, எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் (பைத்தானில் எக்செல் கோப்புகளை உருவாக்கும் நிரல் நூலகம்) வழிகாட்டியின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன். பைத்தானில் விரிதாளை உருவாக்கும்போது எழுத்துரு எதுவும் சொல்லாவிட்டால் கலிப்ரி 11 வந்துவிடும். தேதிக்கு வடிவம் தராவிட்டால் 2024 ஜனவரி 1 வெறும் 45292 என்று நாள்வரிசை எண்ணாகத் தெரியும். இப்படிச் சொல்லாமலே வருவதற்கு ‘இயல்புநிலை’ போடலாமா?

> ‘இயல்புநிலை’ போடலாமா?

வேண்டாம். எக்செலில் ‘நார்மல்’ என்றே ஒரு பாணி இருக்கிறது; அதற்கு ‘இயல்பு’ போய்விடும். “இயல்பு பாணியின் இயல்புநிலை எழுத்துரு” என்று எழுதினால் மாணவருக்கு எது எதுவென்று தெரியாது. பல மென்பொருள்களில் பழகிய ‘முன்னிருப்பு’ இருக்கிறதே?

> ‘முன்னிருப்பு’ இருக்கிறதே?

கணக்கு எழுதுகிறவர் அதைப் போன மாத இருப்பு என்றுதான் படிப்பார். விரிதாளில் பாதி வேலை கணக்குதானே! என் தேர்வு ‘கொடாநிலை’. கொடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் சுத்தம். இன்னும் நுட்பமாகப் பார்த்தால், இழிந்தோன் ‘ஈ’ என்பான், ஒப்போன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான் என்கிறது தொல்காப்பியம். இங்கே கேட்பது மென்பொருள், கேட்கப்படுபவர் நிரலர். அப்படியானால் ‘ஈயாநிலை’ இன்னும் பொருத்தம்.

ஐயா, அந்த நூற்பாக்கள் இரந்து கேட்கும் இடத்துக்கு உரியவை. பெயரெச்சத்துக்கு அவற்றை இழுக்கவேண்டாம். தவிர, கொடா என்றாலே கொடாக்கண்டன் நினைவுதான் வருகிறது. ‘ஈயா’ அதைவிடக் கருமித்தனம்.

எனக்கு வேறொரு சிக்கல். அந்த நூலகத்தில் பணிப்புத்தகத்தைத் திறக்கும்போதே எழுத்துரு, அளவு எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துவிட வழி இருக்கிறது. அப்புறம் தனி வடிவம் இல்லாத கட்டங்கள் எல்லாம் அதையே ஏற்கும். நாமே கொடுத்ததை எப்படிக் கொடாநிலை என்பது? ‘முன்னமைவு’ என்றால் மென்பொருளோடு வந்ததும் நாம் வைத்ததும் இரண்டுமே அடங்கும்.

சரி, ‘முன்னமைவு’ பக்கம்தான் ஆள் அதிகம். ‘முன்னமைவு வடிவூட்டம்’ என்றே அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கொடுத்தது புத்தகத்துக்கு, கட்டத்துக்கு அல்ல. கட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது கொடாநிலைதான். ‘முன்னமைவு’ என்பதை இங்கே செலவழித்துவிட்டால் ‘ப்ரீசெட்’டுக்கு (முன்பே அமைத்துவைத்த தேர்வுத் தொகுப்பு) எங்கே போவீர்கள்?