பொருள்: சோபா கழுவும் மெஷின் – ‘சக்ஷன்’ தமிழில் என்ன?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

மடற்குழு நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். சோபா, கார் சீட் கழுவும் கைமெஷின் ஒன்றின் கையேடு மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘சக்ஷன்’ (suction) வந்த இடத்திலெல்லாம் ‘உறிஞ்சுத்திறன்’ என்று போட்டுக்கொண்டே வந்து, ‘துணி உறிஞ்சிய நீரை இயந்திரம் உறிஞ்சும்’ என்ற வரியில் மாட்டிக்கொண்டேன். சோபாவும் உறிஞ்சுகிறது, மெஷினும் உறிஞ்சுகிறது! போதாததற்கு அட்டவணையில் மோட்டாருக்கு வாட், காற்றுக்கு லிட்டர், இன்னொன்றுக்குத் தண்ணீர் மில்லிமீட்டர். மூன்றுக்கும் ஒரே சொல் போதுமா?

செங்கோட்டையிலிருந்து:

முதலில் அந்த ‘த்’தை எடுங்கள். ஊறுகாய், சுடுகாடு போல இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. உறிஞ்சுதிறன். பொருளை அப்புறம் பார்க்கலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

‘வலிவு’ என்று வைக்கலாமே? துடுப்பு வலிக்கிறோம். எங்கள் பக்கம் பீடியைக்கூட வலிக்கத்தான் செய்வார்கள். வலித்தல் என்றால் இழுத்தல். இந்த மெஷின் வலிப்பதோ வளியை. புறநானூறு 66-ஆம் பாட்டில் சோழனின் முன்னோனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறார் வெண்ணிக்குயத்தியார். காற்றை வேலை வாங்கியவன்! அதையேதானே இந்தப் பெட்டியும் செய்கிறது? ‘வளிவலி’ என்றும் ஆக்கலாம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அண்ணாச்சி, மலையாளத்தில் ‘வலிவு’ ஆஸ்துமா. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் வீட்டுக்கு வீடு இரண்டு மொழியும் புழங்கும். ‘இம்மெஷினுக்கு வலிவு அதிகம்’ என்று படித்தால் டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்வார்கள். ‘வளிவலி’யோ வாய்வுப் பிடிப்பு போலவே இருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

நான் பம்புசெட் ரிப்பேர் ஆள், புலவர் இல்லை. ஆனாலும் இங்கே இரண்டு சங்கதி ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. ஓஸ் வாயை உள்ளங்கையால் முழுக்க அடைத்தால் காற்றோட்டம் பூஜ்யம். உள்ளே வெற்றழுத்தம், அதாவது காற்றை இழுத்ததால் வரும் அழுத்தக் குறைவு, உச்சம். அந்த நிலையில் தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கும் என்பதுதான் மில்லிமீட்டர் கணக்கு. ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 9.8 கிலோ பாஸ்கல். கையை எடுத்துவிட்டால் காற்று அதிகபட்சம் பாயும், தூக்கு, அதாவது தூக்கும் சக்தி, போய்விடும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். சோபா கழுவ இரண்டும் வேண்டும். பஞ்சுக்குள் இருக்கும் அழுக்குத் தண்ணீரைப் பிடுங்கத் தூக்கு, பிடுங்கியதை ஓஸ் வழியாக டேங்குக்குக் கொண்டுபோகக் காற்று. வாட் என்று போட்டிருப்பது மோட்டார் தின்னும் கரண்ட், அவ்வளவுதான். டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் சரியாக உட்காராவிட்டால் எத்தனை வாட் இருந்தும் சோபா ஈரமாகவே கிடக்கும்.

ஒரே சொல்லில் அடக்கினால் வாங்குகிறவர் வாட்டைப் பார்த்து ஏமாறுவார். பம்பில் நாங்கள் ‘ஹெட்’ என்கிறோம். தமிழில் ‘ஏற்றுயரம்’ என்றால் எங்கள் ஊர்க்காரருக்குப் புரியும்.

செங்கோட்டையிலிருந்து:

ஏற்றுயரம் – வினைத்தொகையாகவே கொள்ளலாம், குறையில்லை. ஆனால் ‘நீரேற்றம்’ என்று மட்டும் போய்விடாதீர்கள். கிணற்று ஏற்றம், கமலை, சால், வால்கயிறு என்று இழை வேறு பக்கம் ஓடிவிடும். (கமலை வேறு, ஏற்றம் வேறு என்பதைத் தனியே எழுதுகிறேன்.)

நகரியிலிருந்து:

ஐயா, கையேட்டைப் படிக்கப்போகிறவர் சோபாவில் டீயைக் கொட்டிவிட்டு நிற்பவர். எங்கள் ஆந்திரப் பக்கம் தமிழ் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, மெஷின் என்று வந்தால் இரண்டிலும் ‘சக்ஷன்’தான். அப்படியே வைத்தால் என்ன குடி முழுகிவிடும்?

மார்த்தாண்டத்திலிருந்து:

சொல்லைக் கடன் வாங்கலாம் தம்பி. ஆனால் அந்தச் சொல்லில் தூக்கும் பாய்வும் பிரியவில்லை என்றுதானே பொள்ளாச்சிக்காரர் இவ்வளவு நேரம் சொன்னார்? ‘சக்ஷன்’ என்று போட்டாலும் அதே குழப்பம்தான். போகட்டும், வலிவை விட்டுவிடுகிறேன். ‘இழுதிறன்’ வையுங்கள். உறிஞ்சுவது துணியின் வேலை, இழுப்பது மெஷினின் வேலை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

இழுதிறன் என்றதும் டிராக்டர் நினைவுதான் வருகிறது, அண்ணாச்சி. நேரமும் இல்லை. ஆகவே பொதுச்சொல் உறிஞ்சுதிறன். அட்டவணையில் ஏற்றுயரம், காற்றுப்பாய்வு என்று தனித்தனி. காற்றோட்டம் என்றால் ஜன்னல் திறந்த மாதிரி ஆகிவிடுகிறது. வாட்டுக்கு ‘மின்நுகர்வு’. மாட்டிக்கொண்ட வரியை ‘துணியில் ஊறிய நீரை இயந்திரம் உறிஞ்சும்’ என்று மாற்றிவிட்டேன். பெரும்பாலோர் சரி என்று தனியஞ்சலில் சொல்லிவிட்டார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

என் ஆட்சேபம் பதிவில் இருக்கட்டும். நான் வகுப்பில் இழுதிறன் என்றுதான் சொல்லுவேன்.

செங்கோட்டையிலிருந்து:

மின்நுகர்வா, மின்னுகர்வா? ன் முன் ந வந்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா?