மறுமொழி: தைத்த தசைநாண் ஒட்டிக்கொள்வதற்கு ஒரு சொல்

அன்புடையீர்,

விரலை மடக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்து தைத்துக்கொண்டவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தைத்த நாண் தன் உறையோடு தழும்பால் ஒட்டிக்கொள்வதைக் குறிக்கும் சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இதற்கு முன்மொழியப்பட்டுள்ள ‘பிணியிழை’, ‘ஒட்டுத்திசு’, ‘தழும்பொட்டு’ ஆகிய சொற்களைப் பற்றிய என் கருத்து இது.

உள்ளங்கையின் மேல்மடிப்பிலிருந்து விரலின் நடுவெலும்பு வரை இரண்டு நாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அங்கே தைத்தால் ஒட்டிப்போகும் என்று அஞ்சியே அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் அந்தப் பகுதியை எவரும் கால்வைக்கக் கூடாத இடம் என்றார். 1967-இல் மற்றொரு கை அறுவை மருத்துவரான ஹரால்ட் கிளைனர்ட் குழுவினர், உடனே தைத்து, நகத்தில் ரப்பர் பட்டை மாட்டி, விரலை அசையவிட்டுப் பெற்ற நல்ல பலன்களை வெளியிட்டனர். நாண் உறைக்குள் வழுக்கிக்கொண்டிருந்தால் ஒட்டுவது குறைகிறது, ஆறுவதும் வலுப்படுகிறது. அவசரப்பட்டு வலிந்து மடக்கினால் தையல் அறுந்துவிடுகிறது. வலிக்கு அஞ்சி விரலை அசைக்காமல் வைத்திருப்பவர், உள்ளே என்ன நேர்கிறது என்பதைச் சொல்லைப் பார்த்த உடனே உணர வேண்டும்.

‘பிணியிழை’யை முன்மொழிந்த நண்பர், பிணி என்பதன் முதற்பொருள் கட்டு என்பதற்குப் ‘பிணியவிழ் மலர்’ (கட்டவிழ்ந்து விரியும் மலர்) என்ற சங்க வழக்கைக் காட்டியிருந்தார். சான்று சரியானதே. ஆயினும் நாணையே ‘நரம்பு’ என்று சொல்லி வருபவர், கையேட்டில் பிணி என்று கண்டால் இன்னொரு நோய் வந்துவிட்டதாகவே கலங்குவார்.

‘ஒட்டுத்திசு’வில் திசு பிறமொழிச் சொல் என்பதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. தோல் ஒட்டு, நாண் ஒட்டு என்று மருத்துவர் வேண்டுமென்றே எடுத்து வைப்பதற்கு ‘ஒட்டு’ என்ற சொல் ஏற்கெனவே வழங்குகிறது. ஈழத்து வழக்கான இழையத்தைக் கொண்டு ‘ஒட்டிழையம்’ என்றாலும் அந்த மயக்கம் தீராது.

ஆகவே ‘தழும்பொட்டு’ என்பதையே நான் வலியுறுத்துகிறேன். தழும்பு எல்லோரும் அறிந்த சொல். அது முன்னே நிற்பதால் மருத்துவர் வைக்கும் ஒட்டு என்ற மயக்கம் எழாது. குற்றியலுகரப் புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது. ‘தழும்பொட்டைத் தடுக்க, சிகிச்சையாளர் காட்டிய அளவுக்கு மட்டும் விரலை அசையுங்கள்’ என்று எழுதினால் விளக்கக் குறிப்பே தேவைப்படாது.

எழுதியவர்களில் பெரும்பாலோர் இதற்கு இசைந்துள்ளனர். பிணியிழை நண்பர் இசையவில்லை. ஒட்டை விடுவிக்கும் அறுவைக்கேனும் ‘பிணியவிழ்ப்பு’ என்று எழுத வேண்டும் என்கிறார். அழகான சொல்தான்; அதை மருத்துவ மாணவர் பாடத்துக்கு நானே பரிந்துரைப்பேன். கையேட்டில் ‘தழும்பொட்டு நீக்கம்’ என்றே இருக்கட்டும்.

அன்புடன்.