றெயில் பாதையை விட்டுட்டு ஷெர்மன் படை எப்படிச் சாப்பிட்டது?

வாவிக்கரை:
அமெரிக்க உள்நாட்டுப் போரில வடக்குப் படைத் தளபதி ஷெர்மன், 1864 மே மாதம் தெற்கில ஜோர்ஜியாவில இருக்கிற அட்லாண்டாவுக்கு இறங்கேக்க, சாமான் வர நம்பி நிண்டது லூயிவில்லில இருந்து வாற 473 மைல் ஒற்றைத் தண்டவாளத்தை. அதே ஆள் நவம்பர் 15 அந்தத் தொடர்பை அறுத்துப்போட்டு 62,000 பேரோட கிட்டத்தட்ட 300 மைல் நடந்து கரையோரத் துறைமுகமான சவானாவுக்குப் போறார். கையில 2,500 வண்டில். ஆளுக்கு நாளைக்கு 3 இறாத்தல் எண்டாலே 84 தொன் வருது. கணக்கு உதைக்குது. தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்க.

சூடுபோர்:
தம்பி, நீங்க மனிசரை மட்டும் எண்ணினா உதைக்கத்தான் செய்யும். வண்டிலுக்கு 6 கோவேறு கழுதை. ஒண்டுக்கு நாளைக்கு 9 இறாத்தல் தானியம், 14 இறாத்தல் காய்ஞ்ச புல். 2,500 வண்டிலுக்கு 15,000 கழுதை, அதுகளுக்கு மட்டும் 156 தொன் தீன்! பீரங்கிக் குதிரை, குதிரைப்படை இதில சேரல்ல.

நல்ல தரையில ஒரு வண்டில் 3,000 இறாத்தல் ஏத்தும். களஞ்சியத்தில இருந்து 100 மைல் போய்த் திரும்ப, நாளைக்கு 20 மைல் ஓடினா 10 நாள். அந்த 6 கழுதையும் 1,380 இறாத்தல் திண்டு முடிச்சிரும், சுமையில அரைவாசிக்குக் கிட்ட. மழை பெஞ்சு சில்லுப் புதைஞ்சா 20 மைல் எண்ட பேச்சே இல்ல.

அதால அவர் ஏத்தினது வேற மாதிரி. ரொட்டி 20 நாளைக்கு: ஆளுக்கு ஒரு இறாத்தல்படி 415 வண்டில் அளவு போதும். சீனி, கோப்பி 40 நாளைக்கு. இறைச்சி 5,000 மாடு, அதுக்கு வண்டிலே தேவையில்ல, தன்ட காலில நடக்கும். தீன் 3 நாளைக்கு மட்டும். ஆகப் பாரமான சாமானை வழியில எடுக்கிற எண்டு விட்டுட்டார்.

மாரிமழை:
மாதத்தையும் பாருங்க. நவம்பரில ஜோர்ஜியாவில சோளம் முறிச்சு முடிஞ்சிட்டு. பெரும்போகம் வெட்டிச் சூடு வைச்ச கையோட வட்டைக்குள்ள ஒரு படை இறங்கின மாதிரி. பிரிகேட் எண்ட படைப் பிரிவு ஒவ்வொண்டுக்கும் 50 பேர் அளவில விடியமுதல் வெளிக்கிட்டு, பாதைக்கு 5, 6 மைல் தள்ளிப் போய், அங்க பிடிச்ச வண்டிலிலயே ஏத்தி வந்து ரோட்டோரம் படைக்குக் காத்து நிப்பாங்கள். சனத்திட பட்டடைதான் களஞ்சியம். இதை 'சாமான் சேகரிப்பு' எண்டு சும்மா எழுதிட்டுப் போறது எனக்குச் சரியாப் படல்ல.

நாலு கோர் (படையின்ட ஆகப் பெரிய பிரிவு), நாலு ரோடு. ஒரு கோரின் வண்டில் வரிசையே 5 மைலுக்கு மேல. எல்லாரையும் ஒரே ரோட்டில விட்டா முன்னால போறவன் திண்ட மிச்சம்தான் பின்னால வாறவனுக்கு. ஆக்கள் ரோட்டுக்கு வெளியால நடந்தாங்கள், ரோடு வண்டிலுக்கு.

வாவிக்கரை:
அப்ப படை ஒரே இடத்தில நிண்டுட்டா அண்ணன்?

சூடுபோர்:
நிண்டா பட்டினிதான். டிசம்பர் 10 அளவில சவானாவுக்கு வெளியால நிக்கவேண்டி வந்திட்டு. எதிர்ப்படை தண்ணியத் திறந்து நெல்லு வயலை மூழ்கடிச்சிட்டு, மிச்சம் ஒடுக்கமான அணைக்கட்டுப் பாதைதான். சுத்தியிருந்த சோளம் முடிய நெல்லுத்தான் கிடைச்சது, அதுவும் உமியோட. 62,000 பேருக்கு நெல்லுக் குத்த எத்தின உரல் வேணும் எண்டு நம்மட பக்கத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. கழுதைக்கும் நெல்லு வைக்கல். ஒகீச்சி ஆத்தை மறிச்சு நிண்ட மக்காலிஸ்டர் கோட்டையை 13ம் திகதி பிடிச்ச பிறகுதான் கடற்படைக் கப்பல் சாமானோட உள்ளுக்கு வர வழி திறந்தது.

மாரிமழை:
1865இல தெற்குக் கரோலினாவுக்குள்ள போகேக்க தடை சாப்பாட்டை விட ரோடுதான். சதுப்பில மரக்கட்டை, வேலிக் கட்டையெல்லாம் பாதைக்குக் குறுக்கால நெருக்கி அடுக்கி அதுக்கு மேலால வண்டிலை ஓட்டினாங்கள். சேறு கூழாப்போனா அடுக்கினது அமிழும், மறுகா அதுக்கு மேல இன்னொரு அடுக்கு.